கலிஃபோர்னியாவில் எச்ஓஏ அபராதக் கடிதம் வந்தால்

கலிஃபோர்னியாவின் வீட்டு உரிமையாளர் சங்கங்கள், அதாவது எச்ஓஏக்கள், 1985-இல் இயற்றப்பட்ட டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. விதிமீறல் கடிதத்தைக் கண்டதும் கோபத்தில் மாதச் சந்தாவை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். அபராதத்துக்காக மட்டும், நீதிமன்றம் செல்லாமல், வீட்டை ஏலம்விடச் சங்கத்துக்கு அதிகாரமில்லை. சந்தா பாக்கி 1,800 டாலரை எட்டினாலோ 12 மாதங்களுக்கு மேல் நிலுவையில் நின்றாலோ அந்த வழி திறந்துவிடும். தொகை தவறென்று கருதினால், ஆட்சேபத்துடன் செலுத்துவதாக எழுதிக் கொடுத்துக் கட்டிவிட்டு, சிறு வழக்கு நீதிமன்றத்தில் திரும்பக் கேட்கலாம்.

அடுத்து, கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். அபராதம் விதிப்பதற்கு முன் நிர்வாகக் குழு உங்களை விசாரணைக்கு அழைக்க வேண்டும். நாள், நேரம், இடம், குற்றச்சாட்டு ஆகியவற்றைக் குறிப்பிடும் அறிவிப்பு குறைந்தது 10 நாட்களுக்கு முன் வர வேண்டும். 2025 ஜூலை முதல், விசாரணைக்கு முன் குறையைச் சரிசெய்துவிட்டால் அபராதம் கிடையாது. சரிசெய்யாவிட்டாலும், உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு என்று குழு திறந்த கூட்டத்தில் எழுத்துமூலம் முடிவுசெய்தால் ஒழிய, ஒரு மீறலுக்கு 100 டாலருக்கு மேல் கேட்க முடியாது. முடிவை 14 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆகவே, குறையைச் சரிசெய்ததும் தேதியுடன் புகைப்படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள்.

சில விதிகள் சங்கத்தின் புத்தகத்தில் இருந்தாலும் செல்லாது. நம் வீடுகளில் அடிக்கடி சிக்கலாவது வாசலில் கட்டும் மாவிலைத் தோரணம். சமய நம்பிக்கைக்காக வாசற்கதவிலோ அதன் நிலையிலோ வைக்கும் பொருட்கள் மொத்தத்தில் 36-க்கு 12 அங்குல அளவைத் தாண்டாமலும், கதவைத் திறக்க இடைஞ்சலில்லாமலும் இருந்தால், பொதுவாக அவற்றை அகற்றச் சொல்ல முடியாது. படிக்கு முன்னால் போடும் கோலத்துக்கு இந்தப் பிரிவு உதவாது என்பது வருத்தந்தான்.

குழு பிடிவாதம் பிடித்தால், சமரசப் பேச்சுக்கு எழுத்துமூலம் அழையுங்கள். உறுப்பினர் அழைத்தால் சங்கம் மறுக்க முடியாது. அதற்குக் கட்டணமும் வாங்கக் கூடாது. அதில் எட்டிய உடன்பாட்டை எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். விதிகளை நிலைநாட்டும் வழக்கில் தோற்றவர் வென்றவரின் வழக்கறிஞர் கட்டணத்தையும் சுமக்க நேரும் என்பதால், வழக்கை இறுதி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுக்குப் போகுமுன் கூட்டக் குறிப்புகளை எழுத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆனால் மற்றவர்கள்மீதான ஒழுங்கு நடவடிக்கைகள் பெரும்பாலும் மூடிய கூட்டத்தில் பேசப்படுவதால், அவை பற்றிப் பொதுவான குறிப்பு மட்டுமே அவற்றில் இருக்கும்.