விளக்கு மின்னியது, எழுத்து விழவில்லை

பாளையங்கோட்டையில் டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) வேலை பார்த்த மாமா கொடுத்த கீபோர்டு அது. விசைகளில் பழைய தட்டச்சு முறைத் தமிழ் எழுத்துகள் ஒட்டியிருக்கும். வால் நுனியில் ஊதா நிற பிஎஸ்/2 பிளக், அந்தக் காலத்து வட்ட வடிவம். என் புதிய கணினியிலோ யுஎஸ்பி மட்டுமே.

வண்ணார்பேட்டையில் விரல்கடை அளவில் பிஎஸ்/2 பிளக்கை யுஎஸ்பியில் செருக உதவும் ஓர் ஊதா மாற்றி வாங்கிச் செருகினேன். கீபோர்டின் மூன்று விளக்குகளும் ஒருமுறை மின்னி அணைந்தன. எழுத்து ஒன்றுகூட விழவில்லை. விளக்கு மின்னியதே, மாற்றியில் கோளாறு இருக்காது என்று நம்பியதுதான் தப்பு. விண்டோஸை மறுபடி நிறுவினேன். கீபோர்டைக் கழற்றித் துடைத்தேன், மாமாவின் மூக்குப்பொடி நிறையக் கொட்டியது. நான்கு நாள் வீண்.

அந்தக் குட்டி மாற்றிக்குள் சிப் கிடையாது; கம்பிகளை இடம் மாற்றிக் கொடுப்பதோடு சரி. 5 வோல்ட் மின்சாரம் போய்ச் சேருவதால் விளக்கு மின்னும். ஆனால் யுஎஸ்பி முறையும் அறிந்த கீபோர்டுக்குத்தான் அது உதவும். மாமாவுடையதற்கு பிஎஸ்/2 தவிர வேறொன்றும் தெரியாது.

ஊதா, பச்சை என இரண்டு துளைகளும் ஒரு சாண் வயரும் உள்ள, சிப் வைத்த மாற்றியை வாங்கி மாட்டினேன். டிரைவர் எதுவும் கேட்கவில்லை. தட்டச்சில் முதலில் பழகும் ‘யளனக’வைத் தட்டினேன், விழுந்தது.