பாய்மரப் படகு வாழ்க்கைக்கு ஏற்ற நாயைத் தேர்ந்தெடுப்பது எப்படி

படகில் வளர்க்க நாய் தேடுபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த இனம் நல்லது என்பதைத்தான். அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, அலையடிக்கும் நீரில் விழுந்து, உடல் முழுவதும் நனைந்து கனத்துப்போன ஒரு நாயை, ஒரு கையால் தளத்தின் கம்பியைப் பிடித்தபடி மறு கையால் உங்களால் மேலே தூக்க முடியுமா என்று முதலில் யோசித்துப் பாருங்கள். முதுகில் கைப்பிடி தைத்த மிதவைச் சட்டையை நாய்க்கு அணிவித்திருந்தால் 10 கிலோ எடையுள்ள நாயைப் பலராலும் தூக்கிவிட முடியும். 20 கிலோவைத் தாண்டினால் இரண்டு கைகளும் தேவைப்படும். நியூஃபவுண்ட்லாந்து இன நாய் நீச்சலில் மிகத் தேர்ந்ததுதான் என்றாலும், அதன் எடை 45 கிலோவுக்குக் குறையாது, 70 கிலோவையும் எட்டக்கூடும். இருவர் மட்டும் ஓட்டும் படகில் அதை மேலே ஏற்றுவதற்குப் பாயை உயர்த்தும் கயிற்றையும், அதைச் சுற்றி இழுக்கும் உருளையான வின்ச்சையும்தான் நம்ப வேண்டியிருக்கும். ஆகவே, படகில் இருப்பவர்களில் உடல்வலு குறைந்தவர் யாரோ, அவரால் தூக்கக்கூடிய எடையே உங்கள் நாயின் எடைக்கு வரம்பு.

எடைக்கு அடுத்தபடியாகப் படகின் ஏணியைப் பாருங்கள். கேபினுக்குள் இறங்கும் படிகள் ஏறக்குறைய செங்குத்தாக இருக்கும். நாய் அவற்றில் ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்க வேண்டும், அல்லது நீங்கள் அதைத் தூக்கிச் செல்ல வேண்டும். டாக்ஸ்ஹுண்ட் போன்ற நீண்ட முதுகும் குட்டைக் கால்களும் கொண்ட நாய்களுக்கு முதுகெலும்பு வட்டு நழுவும் அபாயம் இயல்பிலேயே அதிகம் என்பதால், சிறியதாக இருக்கிறதே என்பதற்காக மட்டும் அவற்றைத் தேர்ந்தெடுப்பது சரியாகாது.

இப்போது இனங்களுக்கு வருவோம். பெல்ஜியத்தின் ஷிப்பர்கே, சரக்குப் படகுகளில் எலி பிடிக்கவும் காவல் காக்கவும் வளர்க்கப்பட்டு வந்த நாய். 5 முதல் 8 கிலோவுக்குள் அடங்கும் உடலும் சுறுசுறுப்பும் கொண்டது. ஆனால் குரைப்பதில் சளைக்காது என்பதால், நங்கூரமிட்ட இடத்தில் அண்டைப் படகினரின் தூக்கத்தையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். போர்ச்சுகீசிய வாட்டர் டாக் என்ற நாய் இனம் மீனவர்களோடு படகில் உழைத்தது. விரல்களுக்கிடையே சவ்வு உண்டு, முடி அதிகம் உதிராது. எனினும் அதன் எடை 16 முதல் 27 கிலோ வரை இருக்கும், சுருண்ட முடியை அடிக்கடி சீவி வெட்ட வேண்டும், உடற்பயிற்சியும் ஏராளமாகத் தேவைப்படும். பக், புல்டாக் போன்ற தட்டை முக நாய்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்; மூச்சிரைத்தே உடல் வெப்பத்தைத் தணிக்க வேண்டிய நாய்க்குச் சுருங்கிய மூச்சுப்பாதை வெயிலில் பெரும் துன்பம், நீச்சலும் அவற்றுக்குச் சரிவர வராது. எந்த இனமும் கலவாத தூய நாய்தான் வேண்டும் என்பதில்லை; குட்டையான முடியும் நடுத்தர உடலும் கொண்ட கலப்பின நாய்கள் பல, பெயர்பெற்ற இனங்களைவிட நன்றாகவே படகில் பொருந்திவிடுகின்றன.

இனத்தைவிடவும் குணமே முக்கியம். பறவை ஒன்று தாழப் பறந்தாலும், டால்பின் பக்கத்தில் துள்ளினாலும் யோசிக்காமல் பாய்ந்துவிடும் நாய் கடலில் நெடுநாள் பிழைப்பது கடினம். முடிந்தால், குணம் ஏற்கெனவே தெளிந்துவிட்ட ஒன்றரை, இரண்டு வயது நாயைக் காப்பகத்திலிருந்து எடுத்து, முடிவு செய்வதற்கு முன் படிப்படியாகப் பழக்கிப் பாருங்கள். முதல் நாள் துறையில் கட்டிய படகில் சும்மா உட்காரட்டும்; அடுத்து எஞ்சினை ஓடவிடுங்கள்; பிறகு மென்காற்றில் பாயை விரித்துச் சிறிது தூரம் செல்லுங்கள். பாய் படபடக்கும்போதும் வின்ச் கடகடக்கும்போதும் உங்கள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மீண்டும் தலையைச் சாய்த்துக்கொள்ளும் நாயே உங்களுக்கு வேண்டியது. குட்டிகளுக்கு உட்காது வளர்ச்சி முழுமையடையாததால் படகு ஆட்டத்தில் குமட்டல் வருவது சகஜம், பல குட்டிகளுக்கு வயதாக ஆகச் சரியாகிவிடும். நடுங்கியபடி மூலையில் ஒடுங்கி, நான்கைந்து பயணங்களுக்குப் பிறகும் உணவைத் தொடாத நாயைக் கரை வீட்டில் வாழவிடுவதுதான் அதற்குச் செய்யும் நன்மை.

கழிப்பிடப் பழக்கம்தான் பலரும் முன்கூட்டி எண்ணாத சிக்கல். நன்றாக வளர்க்கப்பட்ட நாய் தான் வாழும் இடத்தை அசுத்தம் செய்யத் தயங்கும். படகின் முன்பகுதியான அணியத்தில் விரித்த செயற்கைப் புல் பாயை மோந்து, இரண்டு மூன்று முறை சுற்றி வந்து, கரையை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உங்கள் காலடியில் படுத்துக்கொள்ளும். பல மணி நேரம் அடக்கி வைப்பது அதன் உடலுக்குக் கேடு. எனவே அந்தப் புல் பாயைக் கரையிலேயே முதலில் பழக்குங்கள். அதன் சொந்தச் சிறுநீரில் நனைந்த துணியால் பாயைத் தடவி வைத்து, ஒரே சொல்லால் கட்டளையிட்டு, காரியம் முடிந்தவுடன் பரிசு கொடுங்கள். பாயின் மூலையில் கயிறு கட்டி வைத்தால் கடலில் தோய்த்து அலசுவது எளிது. இதைக் கற்க மறுக்கும் நாயோடு ஓரிரவைத் தாண்டிய பயணம் வேண்டாம். தினமும் டிங்கி எனும் சிறு துணைப்படகில் கரைக்குக் கொண்டுபோகும் வாழ்க்கையே அதற்குப் பொருந்தும்.

முடியைப் பற்றியும் ஒரு சொல். அடர்ந்த இரண்டு அடுக்கு முடி கொண்ட நாய் உதிர்க்கும் முடி படகின் அடிப்பள்ளத்தில் சேர்ந்து, அங்கே தேங்கும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப்பின் வடிகட்டியை அடைத்துவிடும். நீர் புகுந்த வேளையில் அது ஆபத்து. தொங்கு காதுள்ள ஸ்பானியல் போன்ற நாய்கள் அடிக்கடி நனைந்தால் காதில் தொற்று வரும், ஒவ்வொரு குளியலுக்குப் பின்னும் காதை உலர்த்த வேண்டும். கடல்நீரைக் குடிக்க எந்த நாயையும் விடக் கூடாது. வாந்தி, பேதியில் தொடங்கி வலிப்பு வரை போகலாம். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லிலிட்டர் நன்னீர் என்று கணக்கிட்டு, வெயில் காலத்தில் அதைவிடக் கூடுதலாகச் சேமித்து வையுங்கள்.

வெளிநாட்டுக் கரைகளுக்குச் செல்வதாக இருந்தால் நாயைத் தேர்ந்தெடுக்கும்போதே சட்டங்களையும் பாருங்கள். பிட்புல் டெரியர் இனத்துக்குப் பிரிட்டன் 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் தடை விதித்துள்ளது. அயர்லாந்திலிருந்து வருவோரைத் தவிர, சொந்தப் படகில் நாயோடு அங்கே வருவதற்கும் அனுமதியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செல்ல நாய்க்கு மைக்ரோசிப்பும் அதன் பின் ரேபிஸ் தடுப்பூசியும் தேவை. ஒன்றியம் ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இல்லாத நாடுகளிலிருந்து வந்தால், தடுப்பூசி போட்டு 30 நாள்களுக்குப் பின் எடுத்த இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும், அதன் பிறகும் மூன்று மாதங்கள் காத்திருக்க வேண்டும். ஆகவே நாயை வாங்கிய வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் சிப்பும் ஊசியும் போட்டு, தேதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, பயண நாளை அதற்கேற்பத் தீர்மானியுங்கள்.