தமிழில் விளம்பர மெயில்: பாதியில் வெட்டுப்படாமல் போய்ச் சேர

அக்காவின் சுங்குடிச் சேலைக் கடைக்கு மாதம் இரண்டு மெயில் அனுப்புவது என் பொறுப்பு. போன தீபாவளி மெயில் பலருக்கு ஸ்பாமில் போய் விழுந்தது. காரணம் பிடிபட மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

படி 1: முகவரி

சொந்த டொமைனிலிருந்து, அதாவது கடைப் பெயரில் பதிந்த இணைய முகவரியிலிருந்து அனுப்புங்கள். டிஎன்எஸ்ஸில் (டொமைனின் அமைப்புப் பதிவேடு) எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் சேர்த்துவிடுங்கள்; மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் பதிவுகள் இவை. நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயில்காரர்களுக்கு அனுப்பினால் 2024 பிப்ரவரியிலிருந்து மூன்றும் கட்டாயம். சின்ன முகவரிப் பட்டியல்தானே என்று விட்டுவிடாதீர்கள். விலைக்கு வாங்கிய பட்டியல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

படி 2: ஒரு மெயில், ஒரு விஷயம்

முன்பெல்லாம் "தீபாவளி அதிரடித் தள்ளுபடி!!!" என்று தலைப்பு வைத்து நாற்பது சேலை அடுக்குவேன். இப்போது இப்படி: "சுங்குடி முதல் அலசல்: ஒரு கைப்பிடி கல்லுப்பு". உள்ளே, வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்து, சேலையைத் தனியாக நனைத்து, நிழலில் உலர்த்தும் முறை. கீழே ஒரே ஒரு சேலை, ஒரே ஒரு பட்டன். "என் மெரூன் சேலைக்கும் இதே முறைதானா?" என்று பதில் எழுதிக் கேட்டார்கள், அவர்களில் சிலர் சேலையும் வாங்கினார்கள். போன் திரையில் தலைப்பின் முன்பாதிதான் தெரியும் என்பதால் முதல் மூன்று சொல்லுக்குள் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

படி 3: எடை பாருங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். மெயிலின் எச்டிஎம்எல் (எழுத்தும் வடிவமைப்புக் குறிகளும் சேர்ந்த கோடு) சுமார் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை மறைத்துவிடும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் புள்ளி, கொம்பு, கால் ஒவ்வொன்றும் தனிக் குறி, குறிக்கு மூன்று பைட். "வணக்கம்" மட்டுமே 21 பைட். அதோடு நான் வேர்டில் எழுதி அப்படியே ஒட்டியிருந்தேன். அதன் வடிவமைப்புக் குப்பையும் கூடவே வந்துவிட்டது.

வெட்டுப்பட்டது மெயிலின் அடிப்பகுதி. அன்சப்ஸ்கிரைப் லிங்க் இருந்ததும் அங்கேதான். விலக வழி தெரியாதவர்கள் ஸ்பாம் பட்டனை அழுத்தினார்கள். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பது ஜிமெயிலின் விதி. ஆயிரத்துக்கு மூன்று பேர் போதும்.

இப்போது நோட்பேடில்தான் எழுதுகிறேன். அனுப்பும் முன் எச்டிஎம்எல்லைத் தனிக் கோப்பாகச் சேமித்து அளவு பார்ப்பேன். 80 கேபிக்கு மேல் விடுவதில்லை. லிங்க் மூலம் வரும் படங்கள் இந்தக் கணக்கில் சேராது. அன்சப்ஸ்கிரைப் லிங்க்கை மேலேயும் ஒன்று வையுங்கள். போக நினைப்பவரை மரியாதையாக அனுப்பிவைக்க வேண்டும்.

மெயிலை மொத்தமாக அனுப்பும் கருவியில் நான் பிரெவோ பக்கம். கட்டங்கட்டமான டெம்ப்ளேட் எதையும் தொடுவதில்லை. வெறும் எழுத்து, ஒரு படம்.

படி 4: கணக்கு

ஓப்பன் ரேட்டை (எத்தனை சதவீதம் பேர் மெயிலைத் திறந்தார்கள் என்ற கணக்கு) நம்பாதீர்கள். 2021இல் ஆப்பிள் மெயிலில் வந்த தனியுரிமை வசதியால், படிக்காத மெயிலும் திறந்ததாகக் கணக்காகலாம். கிளிக்கையும் பதில் மெயிலையும் எண்ணுங்கள்.

பின்சேர்க்கை: டார்க் மோடில் லோகோ காணவில்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். பின்னணி இல்லாத பிஎன்ஜி படக் கோப்பில் கறுப்பு எழுத்து இருந்தால் அப்படித்தான் ஆகும். வெள்ளைப் பின்னணியோடு சேமித்து மறுபடி ஏற்றுங்கள். எங்கள் லோகோவுக்கும் அதைத்தான் செய்தேன்.