கிரெடிட் கார்டு கடன்: முதலில் வட்டியை நிறுத்துங்கள்

பில்லில் உள்ள ‘குறைந்தபட்சத் தொகை’யை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். 50,000 ரூபாய் பாக்கி, மாதம் 3.5% வட்டி என்றால் வட்டி 1,750, அதன்மேல் 18% ஜிஎஸ்டி 315. நீங்கள் 5%, அதாவது 2,500 கட்டினால் அசலில் குறைவது வெறும் 435 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி விழும். அதனால் அந்தக் கார்டை இன்றே ஓரங்கட்டுங்கள். ஆப்களில் சேமித்து வைத்ததையும், தானாகப் போகும் சந்தாக்களையும் நீக்குங்கள்.

அடுத்து, கடனை மலிவான இடத்துக்கு மாற்றுங்கள். வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக் கடனே நல்லது. கார்டு வட்டி ஆண்டுக்கு 42%, நகைக் கடனுக்கு அதில் பாதிகூட வராது. இல்லையென்றால் பாக்கியை இஎம்ஐ ஆக்கித் தரக் கேளுங்கள். செயலாக்கக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரு கார்டிலிருந்து பணம் எடுத்து இன்னொன்றை அடைக்கவே கூடாது: எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, தனிக் கட்டணமும் உண்டு.

பல கார்டுகள் என்றால் எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சம் கட்டி, மிச்சத்தை அதிக வட்டிக் கார்டில் போடுங்கள்.

‘செட்டில்மென்ட்’, அதாவது வங்கியோடு பேசிப் பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டிக் கணக்கை முடிப்பது, கடைசி வழி. உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாகி, வீட்டுக் கடன் கேட்கும்போது இடிக்கும். ஒப்புக்கொண்டால் வங்கியின் செட்டில்மென்ட் கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்டுங்கள்.

வசூல் முகவர் மிரட்டினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம்.