சாவியைத் திருப்பியும் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் ஓசையைக் கவனியுங்கள்

இன்ஜின் இயங்க மறுக்கும்போது பதற்றத்தில் திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்புவதைவிட, ஒருமுறை திருப்பி அப்போது எழும் ஓசையைக் கூர்ந்து கேட்பது பழுதைப் பாதி கண்டறிந்ததற்குச் சமம். ‘டக் டக் டக்’ என்று வேகமாகச் சத்தம் வந்து டாஷ்போர்டு விளக்குகளும் மங்கினால், பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் குறைந்திருக்கிறது என்று பொருள். உடனே புதிய பேட்டரி வாங்கிவிட வேண்டாம். பானெட்டைத் திறந்து பேட்டரியில் கேபிள்கள் இணையும் முனைகளான டெர்மினல்களைப் பாருங்கள். அங்கே வெண்மையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி பூத்திருந்தாலும், கேபிளை அங்கே பிடித்திருக்கும் கிளாம்ப் கையால் அசைக்கும் அளவுக்குத் தளர்ந்திருந்தாலும், பேட்டரி நல்ல நிலையில் இருந்தும் இன்ஜினை முதலில் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போதிய மின்சாரம் போய்ச் சேராது. நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, உலர்ந்தபின் இறுக்கினாலே பல நேரங்களில் வண்டி கிளம்பிவிடும். வோல்ட் அளவைக் காட்டும் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் சுமார் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சார்ஜ் பெருமளவு தீர்ந்துவிட்டது.

விளக்குகள் பிரகாசமாக எரிந்தும் ஒரே ஒரு ‘டக்’ ஒலியோடு நின்றுவிட்டால், ஸ்டார்ட்டர் மோட்டாரையோ அதற்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான சாலினாய்டையோ சந்தேகிக்கலாம். ஓசையே இல்லையெனில், ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் ‘பி’ (பார்க்) அல்லது ‘என்’ (நியூட்ரல்) நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்ஜின் வேகமாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளாவிட்டால் கோளாறு பெரும்பாலும் எரிபொருளிலோ, பெட்ரோல் வண்டியாயின் ஸ்பார்க்கிலோ இருக்கும். இக்னிஷனை ஆன் செய்ததும் பல பெட்ரோல் கார்களில் பின்னிருக்கைப் பக்கமிருந்து ஓரிரு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது எரிபொருள் பம்ப்பின் ஒலி. வழக்கமாகக் கேட்கும் அந்த ஒலி கேட்கவில்லையென்றால் முதலில் அதற்குரிய ஃபியூஸைச் சோதியுங்கள். எந்த நிலையிலும் 10 நொடிக்கு மேல் தொடர்ந்து ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறிப் பழுதாகக்கூடும்.