ஊறுகாய் பாட்டிலில் ஒரு சிக்குக்கோலம்: கண்ணாடியில் முதன்முதலாக வண்ணம் தீட்டுபவர்களுக்கு

கண்ணாடியில் வண்ணம் தீட்டிப் பழக விரும்புகிறவர்களுக்கு நான் பூவையும் மயிலையும் சொல்வதில்லை, சிக்குக்கோலத்தைத்தான் சொல்வேன். கண்ணாடி வண்ணம் தண்ணீர் போல ஓடக்கூடியது. அதைத் தடுத்து நிறுத்துவது நாம் போடும் கோடு மட்டுமே. கோடு வரப்பு என்றால் வண்ணம் பாத்திக்குள் பாய்ச்சிய நீர். வரப்பில் சிறு உடைப்பு இருந்தாலும் சிவப்பு மஞ்சளுக்குள் போய்விடும். சிக்குக்கோலத்தின் கோடு எங்கும் அறுபடாமல் புள்ளிகளைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வதால், ஒவ்வொரு பாத்தியும் தானாகவே அடைபட்டுவிடுகிறது.

தேவையானவை: புடைப்பெழுத்து இல்லாத, நேரான பக்கங்கள் கொண்ட பாட்டில், தண்ணீர் கலந்த வகைக் கண்ணாடி வண்ணத்தில் மூன்று நிறங்கள், கறுப்பு அவுட்லைனர் (பிதுக்கிக் கோடு இழுக்கும் கெட்டி வண்ணம்) டியூப் ஒன்று, மெல்லிய தூரிகை, மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட், பஞ்சு, பல்குத்தும் குச்சி, பழைய துண்டு.

முதலில் சுத்தம்

பாட்டிலை வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரியுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் பசையில் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தால் வந்துவிடும். பிறகு சோப்பு போட்டு எண்ணெய் முழுவதும் போகக் கழுவித் துடையுங்கள். கடைசியாக, அடுப்புக்கு அருகில் இல்லாத இடத்தில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் வெளிப்புறத்தை ஒருமுறை துடைத்து உலரவிடுங்கள். கண்ணாடிக்கு மண் சுவரைப் போல வண்ணத்தை உறிஞ்சும் துளைகள் கிடையாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் வண்ணம் பிடிக்காது, பின்னர் உரிந்து வரும். எனவே இதற்குப் பிறகு பாட்டிலை வாய்ப்பகுதியில் மட்டும் பிடியுங்கள்.

கோடு

உங்கள் கைக்கு நன்றாகப் பழகிய, ஐந்து புள்ளிக்கு மேற்படாத கோலம் ஒன்றைத் தாளில் வரைந்து, பாட்டிலுக்குள் கண்ணாடியை ஒட்டினாற்போல வையுங்கள். உள்ளே ஒரு துணியை அடைத்தால் தாள் நகராது. துண்டைச் சுருட்டி இருபுறமும் அண்டை கொடுத்துப் பாட்டிலைப் படுக்கவையுங்கள். மேலே தெரியும் பக்கத்தில் மட்டும் வரையுங்கள்.

டியூபை முதலில் ஒரு தாளில் பிதுக்கிப் பார்த்து, முனையைத் துடைத்துக்கொள்ளுங்கள். வாசலில் போடுவது போலப் புள்ளிகளை முதலில் வையுங்கள். கோடு இழுக்கும்போது முனையைக் கண்ணாடியில் அழுத்திக் கீறக் கூடாது. சற்றே மேலே தூக்கிப் பிடித்தால் இழை தானாக விழும். ஈர அரிசி மாவில் இழைக்கோலம் போட்ட கைக்கு இது சில நிமிடங்களில் பிடிபட்டுவிடும். கோடு கோட்டைக் கடக்கும் இடங்களில் முனையை இன்னும் கொஞ்சம் தூக்குங்கள், இல்லையென்றால் ஈரக்கோடு இழுபடும். தவறினால் ஈரத்திலேயே பஞ்சுக் குச்சியால் துடைத்துவிடலாம்.

தஞ்சாவூரில் கண்ணாடியின் பின்புறத்தில் ஓவியம் தீட்டும் மரபு உண்டு. படத்தை முன்புறமிருந்து பார்ப்பதால் நகை, கண் போன்ற நுணுக்கங்களை முதலில் தீட்டிவிட்டுப் பின்னணியைக் கடைசியில் பூசுவார்கள். மேலே அடுத்த வண்ணம் ஏறிவிட்டால் அடியில் இருப்பதைத் திருத்த முடியாது. அந்தக் கைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. நாம் முன்புறத்தில் வரைகிறோம், நமக்குத் திருத்த வாய்ப்பு இருக்கிறது.

கோடு ஓர் இரவு காயட்டும்.

வண்ணம்

வண்ணக் குப்பியைக் குலுக்காதீர்கள், குமிழ் வரும். மெதுவாகக் கலக்கினால் போதும். தூரிகையால் தேய்க்காமல், ஒரு சொட்டைப் பாத்தியின் நடுவில் விட்டு, கோடு வரை தள்ளிக்கொண்டு போங்கள். மூலைகளுக்குப் பல்குத்தும் குச்சி. குமிழ் தெரிந்தால் ஊசி முனையால் குத்திவிடுங்கள். பாதி காய்ந்த இடத்தை மட்டும் மறுபடி தொட வேண்டாம். மேலே படிந்த ஏடு கிழிந்து, பிறகு எப்படிச் சரிசெய்தாலும் வடு தெரியும். பாட்டில் ஒரு நாள் முழுவதும் படுத்தபடியே இருக்கட்டும்.

பொறுமை தேவைப்படும் இடம்

என் முதல் டம்ளரை நான்காம் நாளே கழுவினேன். இரண்டு மாலைகள் உட்கார்ந்து தீட்டிய வண்ணம் வெங்காயத் தோல் போலக் கையோடு வந்துவிட்டது. தொட்டால் ஒட்டவில்லை என்பதும் முழுதாக இறுகிவிட்டது என்பதும் வேறு வேறு. காற்றில் இறுகும் எனாமல் வண்ணங்களில் பலவற்றுக்கு 21 நாட்கள் ஆகும். ஓவனில் சுட வேண்டிய வகையும் உண்டு. அதில் ஒன்றுக்கு 160 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம். உங்கள் குப்பியில் அச்சிட்டிருக்கும் அளவையே பின்பற்றுங்கள். சுடும் வகை என்றால் பாட்டிலைக் குளிர்ந்த ஓவனில் வைத்த பிறகே சூட்டை ஏற்றுங்கள், முடிந்ததும் உள்ளேயே ஆறவிடுங்கள். திடீர்ச் சூட்டிலும் திடீர்க் குளிர்ச்சியிலும் கண்ணாடி விரிசல் விடும்.

விளக்காகப் பயன்படுத்துவதென்றால் உள்ளே இரண்டு விரல் உயரம் மணல் போட்டு, சிறிய மெழுகுவத்தியை நடுவில் வையுங்கள். சுடர் கண்ணாடியைத் தொடக் கூடாது. குடிக்கும் டம்ளரில் வரைவதென்றால் விளிம்பிலிருந்து 2 செ.மீ. விட்டு, வெளிப்புறத்தில் மட்டும் தீட்டுங்கள். கழுவும்போது மென்மையான பஞ்சு போதும், கம்பி நார் வேண்டாம்.