தலைக்குக் குளிக்க அலறும் குழந்தையைப் படிப்படியாகப் பழக்குவது எப்படி?

ஒன்றரை முதல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சிலர், உடம்புக்கு ஊற்றும் வரை சிரித்து விளையாடிவிட்டு, தலையில் ஒரு சொம்பு நீர் விழுந்ததும் வீடே அதிரும்படி அலறுவார்கள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வது, குழைந்த சாதம் விரலில் ஒட்டியதும் கையைக் கழுவச் சொல்வது போன்றவையும் இதே வகைதான். பெரியவர்கள் இதற்கு ‘அடம்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். தொடுதல், ஒலி, உடலின் சமநிலை ஆகியவற்றைக் குழந்தையின் மூளை கூடுதல் கூர்மையோடு உணர்வதே பல நேரங்களில் காரணமாக இருக்கிறது. அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) ஜீன் ஏயர்ஸ் 1970களில் விரிவாக விளக்கிய இந்தக் கருத்தை வைத்துக்கொண்டு, தலைக்குளியலை மட்டும் எடுத்து முழுமையாகப் பார்ப்போம்.

தொடங்குமுன், காதில் வலியோ சீழோ, தலையில் புண்ணோ இருக்கிறதா என்று குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலிக்கிற காதில் நீர் படும்போது எந்தக் குழந்தையும் அலறத்தான் செய்யும்.

முதல் படி, அழுகை எந்த நொடியில் தொடங்குகிறது என்று ஒரு வாரம் குறித்து வருவது. குளியலறைக் கதவைத் தாண்டும்போதே அழுதால், அங்கே எதிரொலிக்கும் குழாய்ச் சத்தம் காரணமாக இருக்கலாம். சீயக்காய் தேய்க்கும்போது அழுதால் கண் எரிச்சல். துவட்டும்போது அழுதால் துண்டின் சொரசொரப்பு. பலரும் கவனிக்கத் தவறுவது தலையைப் பின்னால் சாய்ப்பதைத்தான். சமநிலையை உணரும் உறுப்பு உட்காதில் இருக்கிறது. தலை பின்னோக்கிச் சாயும்போது, கூர்மையாக உணரும் குழந்தைக்கு விழப்போகிறோம் என்ற திகில் வந்துவிடும். இதைச் சோதிக்க நீரே தேவையில்லை. குழந்தையை மடியில் உட்காரவைத்து, விளையாட்டாக மெல்லப் பின்னால் சாய்த்துப் பாருங்கள். உடல் விறைத்து உங்கள் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டால், சிக்கல் பெரும்பாலும் சாய்வில்தான் இருக்கிறது. பாட்டி கால்களை நீட்டி, அவற்றின் மேல் கிடத்திக் குளிப்பாட்டிய காலத்தில் அழாத குழந்தை, நிற்கவைத்து ஊற்றத் தொடங்கியதும் அழுவதற்கு இதுவும் ஒரு காரணம். முன்பு முதுகு முழுவதற்கும் தாங்கல் இருந்தது.

இரண்டாம் படியில், கண்டறிந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சாய்வு காரணமென்றால், மடித்த கைத்துண்டைக் கண்களின் மேல் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தலையை முன்னால் குனியவைத்து, பிடரியிலிருந்து ஊற்றலாம். அல்லது முன்புபோல் முதுகைத் தாங்கிக் கிடத்திக்கொள்ளலாம். தொடுதல் காரணமென்றால் ஷவரைத் தவிர்த்துச் சொம்பைப் பயன்படுத்துங்கள், ஏனெனில் ஷவரின் மெல்லிய தாரைகள் சில குழந்தைகளுக்கு ஊசி குத்துவதுபோல் இருக்கும். சீயக்காய் எரிச்சலென்றால் கண்ணை உறுத்தாத குழந்தை ஷாம்புக்கு மாறி, எண்ணெய்க் குளியலைச் சில வாரங்கள் தள்ளிவையுங்கள். (இதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.) எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது பயன் தந்தது என்று தெரியாமலே போய்விடும்.

மூன்றாம் படி உடலைத் தயார்ப்படுத்துவது. இத்தகைய குழந்தைகள் பலருக்கு லேசான வருடல் கூச்சத்தையும், அழுத்தமான தொடுகை அமைதியையும் தரும். ஆகவே குளிக்குமுன் தோள்களையும் கைகளையும் உள்ளங்கையால் நிதானமாக அழுத்திவிட்டு, தலையையும் விரல்நுனி படாமல் முழு உள்ளங்கையால் பிடித்துவிடுங்கள். குழந்தை விலகினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

நான்காம் படிக்குத்தான் பொறுமை அதிகம் தேவைப்படும். முதலில் பொம்மையின் தலைக்குக் குழந்தையே ஊற்றட்டும். அடுத்து, நனைந்த உங்கள் கை குழந்தையின் தலையில் படட்டும். பிறகு ஈரத்துணி, அதன்பின் அரைச் சொம்பு. ஒவ்வொரு நிலையும் சில நாட்கள் அழுகையின்றி நடந்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். “மூணு சொம்பு, அவ்வளவுதான்” என்று சொன்னால் மூன்றோடு நிறுத்துங்கள். நுரை மிச்சமிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம், சொல் தவறினால் அடுத்த முறை குழந்தை நம்பாது. காய்ச்சலுக்குப் பிறகோ வெளியூர்ப் பயணத்துக்குப் பிறகோ ஓரிரு நிலைகள் பின்வாங்குவது இயல்பு. கைகால்களைப் பிடித்துக்கொண்டு ஊற்றி முடிப்பது விரைவான வழியாகத் தோன்றினாலும் அது அச்சத்தையே வளர்க்கும் என்பதால், அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

மிக்ஸிக்கும் இதே வரிசைதான்: முன்கூட்டியே சொல்வது, அடுத்த அறையில் இருந்து கேட்கவைப்பது, பிறகு ஒரு நொடி மட்டும் குழந்தையின் கையாலேயே சுவிட்சைப் போடவைப்பது. சட்டைக் காலரில் உறுத்தும் துணிச்சீட்டைக் கத்தரித்துவிட்டால் அந்தச் சிக்கல் அன்றோடு தீர்ந்தது.

கூருணர்வு மட்டும் இருப்பதால் ஆட்டிசம் என்று முடிவுகட்டக் கூடாது. எனினும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, விரல் நீட்டிக் காட்டாதது, பேசிய சொற்களை இழப்பது, உணவு சுருங்கி எடை ஏறாதது ஆகியவற்றில் எதுவும் சேர்ந்திருந்தால் காத்திருக்காதீர்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்காக இயங்கும் மத்திய அரசு நிறுவனத்திலும் (NIEPMD) இளங்குழந்தைகளுக்கான பயிற்சிப் பிரிவு உண்டு. செல்லும்போது, முதல் படியில் எழுதிய குறிப்புகளோடு, குழந்தை அழத் தொடங்கும் தருணத்தின் சிறு கைப்பேசிக் காணொளியையும் எடுத்துச் செல்லுங்கள். புதிய இடத்தில் குழந்தை வீட்டில் நடந்துகொள்வதுபோல் நடந்துகொள்ளாது.